மரமுந்திரிகைக்குப் பசளையிடுதல்: வன்னிப் பகுதிக் கமக்காரருக்கு

வன்னிப் பெருநிலத்திலே மரமுந்திரிகையை ஒரு பயிராக எண்ணிப் பராமரிப்போர் சிலரே. நெல்லுக்கு உழவு உண்டு, நீர்முறை உண்டு, பசளைக் கணக்கு உண்டு. உழுந்துக்கும் மிளகாய்க்கும் அவ்வாறே. மரமுந்திரிகையோ மேட்டுக்காணியின் மூலையிலும் வேலியோரத்திலும் தானே வளர்ந்து, பங்குனி பிறந்து கொட்டை விழத் தொடங்கும்போது மட்டும் வீட்டாரின் நினைவுக்கு வருகின்றது. "அந்த மரத்துக்கு ஒன்றும் வேண்டாம், அது தன்பாட்டில் காய்க்கும்" என்று கூறக் கேட்கிறோம். இக்கூற்றிற் பாதி உண்மை. ஒன்றும் இடாவிட்டாலும் மரம் சாவதில்லை, காய்க்கவும் செய்கிறது. ஆனால் எவ்வளவு காய்க்கிறது, காய்த்த கொட்டையினுள்ளே பருப்பு எவ்வளவு இருக்கிறது என்பவற்றை அளந்து பார்ப்பாரில்லை.

இம்மரம் தென்னமெரிக்காவின் பிரேசில் நாட்டிற்குரியது. அங்கிருந்து போர்த்துக்கேயர் 16 ஆம் நூற்றாண்டில் இதனைக் கீழைத்தேசங்களுக்குக் கொணர்ந்தனர். கிழக்கு மாகாணத்தில் வழங்கும் 'கசு' என்னும் பெயரும் அவர்களது மொழியிலிருந்து வந்ததே. மணற்பாங்கான கரையோரத்திலும் நீண்ட வரட்சியிலும் உயிர்தாங்கும் வலிமை இதற்கு இயற்கையில் அமைந்தது. இவ்வலிமையே இம்மரத்துக்குக் கேடாயிற்று எனலாம். பசியைத் தாங்கும் மரத்துக்குப் பசியே இல்லையென்று மனிதர் எண்ணிக்கொண்டனர்.

மரத்தின் தேவை எத்துணை என்பதை இந்தியாவில் ஆராய்ந்துள்ளனர். 30 வயதுடைய ஒரு மரம் ஓராண்டில் ஏறத்தாழ 2.85 கிலோ நைதரசனையும், 0.75 கிலோ பொசுபரசு ஐயொட்சைட்டை ஒத்த பொசுபேற்றுச் சத்தையும், 1.26 கிலோ பொட்டாசுச் சத்தையும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதாக அங்கு கணித்தனர். இவற்றில் ஒரு பகுதி உதிரும் சருகின் வழியாக மண்ணுக்கே மீளும். மறு பகுதி பழமாகவும் கொட்டையாகவும் காணியை விட்டுப் போய்விடும். மரமுந்திரிகைப் பருப்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு புரதம். புரதம் என்பது நைதரசனின்றி உண்டாகாத பொருள். எனவே சந்தைக்கு ஏற்றும் ஒவ்வொரு சாக்கிலும் காணியின் நைதரசன் ஏறிப்போகிறது. ஆண்டுதோறும் எடுத்து, ஒருபோதும் திருப்பிக் கொடாத கணக்கு எங்கே முடியும் என்பதைக் கமக்காரர் அறிவர்.

மரம் எங்கே பூக்கின்றது?

பசளையிடுமுன் அறியவேண்டிய முதற் சங்கதி இது. மரமுந்திரிகை பழைய கொப்புகளிற் பூப்பதில்லை. மழைக்குப் பின் மரத்தின் வெளிச்சுற்றிலே தளிர்க்கும் புதுக்கிளைகளின் நுனியிலேயே பூங்கொத்து வெளிப்படும். ஆகவே இவ்வாண்டு எத்தனை புதுக்கிளைகள் வலிமையாகத் தோன்றுகின்றனவோ, அத்தனை பூங்கொத்துக்களையே எதிர்பார்க்கலாம். ஒரு கொத்தில் ஆண் பூக்கள் பெருந்தொகை. காயாகக்கூடிய இருபாற் பூக்கள் சிலவே. அவற்றிலும் பல உதிர்ந்துபோகும்.

நம் பகுதியில் ஐப்பசியில் மழை தொடங்குகிறது. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை பொழிந்து ஓய, மரம் தளிர்க்கிறது. தை, மாசியிற் பூத்து, பங்குனி முதல் வைகாசி வரை கொட்டை விழுகிறது. அதன்பின் ஆனி, ஆடி, ஆவணியில் மண் காய்ந்து இறுகிக் கச்சான் காற்று வீசும். இவ்வொழுங்கை மனத்திற் கொண்டால் பசளையிடும் காலம் தானே விளங்கும். தளிர்ப்பதற்கு முன்பே உணவு வேர்க்கு எட்டியிருத்தல் வேண்டும். அது கரைவதற்கு மண்ணில் ஈரமும் இருத்தல் வேண்டும். பூவைக் கண்டபின் பசளை வாங்க ஓடுவது, விருந்தினர் கைகழுவிய பின் உலை வைப்பதை ஒக்கும். தை மாதத்தில் மிகுதியாக யூரியா இட்டால் வேறொரு தீங்கும் நேரும். காலந்தப்பிய இளந்தளிர்கள் தோன்றி, 'தேயிலை நுளம்பு' எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சியை வரவழைக்கும். அது குத்திய தளிரும் பூங்கொத்தும் கருகிப்போகும்.

மண்ணின் இயல்பு

வன்னி மண் யாவும் ஒருதன்மையன அல்ல. பூநகரியிலிருந்து முழங்காவில் வரையுள்ள மேற்குப்பகுதியிலும் முல்லைத்தீவின் சில இடங்களிலும் காணப்படும் ஆழமான செம்மண், வேர் இறங்குவதற்கு மிக ஏற்றது, நீர் தேங்காதது. ஆயின் சேதனப் பொருள் குறைந்தது. சத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றல் அதற்குச் சிறிது. இட்ட நைதரசனைப் பெருமழை கீழே இழுத்துச் சென்றுவிடும். அளம்பில், நாயாறு போன்ற கரையோர மணலில் இக்குறை இன்னும் பெரிது. வவுனியாப் பக்கத்துச் செங்கபில மண்ணில் சத்து ஓரளவு கூடுதலாயினும், வரட்சியில் அது கல்லாக இறுகும். வயலை அடுத்த பள்ளக்காணிகளில் நீர் தேங்குமாதலால் அங்கே மரமுந்திரிகை நடுவது வீண்.

செம்மண்ணிலும் மணலிலும் பசளையை ஒரே முறையில் இடாது பங்கிட்டு இடவேண்டும் என்பதற்கு இதுவே காரணம். 2018 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டதைப் பலரும் மறந்திரார். அத்தகைய மழைக்கு முன்தினம் ஆண்டு முழுவதற்குமான யூரியாவை இட்டவர், அதனைக் குளத்துக்கே இட்டவராவர். வானிலை அறிவித்தலைக் கேட்டு, பெருமழை எதிர்பார்க்கப்படும் நாளைத் தவிர்த்துப் பசளையிடுவது பணச்செலவில்லாத பாதுகாப்பு.

முதலில் குழையும் எருவும்

இத்தகைய மண்ணிற்கு இரசாயனப் பசளை மட்டும் போதாது. சத்தைத் தாங்கிநிற்கும் சேதனப் பொருளே முதலில் வேண்டும். அதற்கு வன்னிக் கமக்காரர் எங்கும் போகவேண்டியதில்லை. முற்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கு வன்னிக் காட்டுக் குழை வண்டி வண்டியாகச் சென்றது. குழை தாழ்த்தும் அவ்வழக்கத்தை நம் மேட்டுக்காணியிலே செய்தால் என்ன? வேலியில் நிற்கும் கிளிசிறிடியாவையும் பூவரசையும் மழைக்காலத் தொடக்கத்தில் வெட்டி, மரத்தைச் சுற்றிய வட்டத்தில் இட்டு மண் மூடினால் விரைவில் உக்கும். கிளிசிறிடியா இலையில் நைதரசன் மிகுதி.

மாடு வைத்திருப்போர் பட்டியை ஒரே இடத்தில் நிலையாக வையாது, ஆவணி புரட்டாதியில் மரங்களின் இடைவெளியில் மாற்றி மாற்றி அடைக்கலாம். எருவுடன் சிறுநீரும் காணியிலேயே சேரும். மாடு கிளைகளை முறியாமலும் அடிமரத்தில் உராயாமலும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கொட்டைக்கு அதனைப் போல் ஆறு முதல் பத்து மடங்கு நிறையுள்ள பழம் உண்டு. பத்துக் கிலோ கொட்டை பொறுக்கும் மரத்தின் கீழ் அறுபது கிலோவுக்குக் குறையாத பழம் வீழ்கிறது. அப்பழத்திற் பொட்டாசுச் சத்து உண்டு. கொட்டையைத் திருகியெடுத்தபின் பழத்தை ஒரு மூலையிற் குவித்து அழுகவிடுவது மரத்தின் உணவை வெளியே வீசுவதாகும். குழியொன்றில் பழம், சாணம், சருகு ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு மூடினால், ஐப்பசிக்கு நல்ல கூட்டெரு கிடைக்கும்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. கொட்டை பொறுக்குவது எளிதாகும் என்று கருதி, மாசி பங்குனியில் மரத்தின் கீழுள்ள சருகைக் கொளுத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கொளுத்திய சருகிலிருந்த நைதரசன் புகையோடு போயிற்று. மேலோட்டமான வேர்களும் கருகின. தீ சில வேளைகளில் அயற்காணிக்கும் பரவுகிறது. சருகை வாரி ஒதுக்குவதற்கு ஒருநாள் வேலையே செல்லும். அச்சருகு கூட்டெருக் குழிக்கு ஆகும். அன்றேல் மழை முடிந்தபின் மூடுபடையாக மரத்தடியில் இருந்து ஈரங்காக்கும்.

எவ்வளவு இடுவது?

வன்னியைப் போன்றே வடகீழ்ப் பருவமழையை நம்பியிருக்கும் தமிழ்நாட்டின் கிழக்குக் கரைப் பகுதிக்குச் சிபாரிசு செய்யப்பட்ட அளவு நமக்கு நல்லதோர் வழிகாட்டியாகும். அங்கே விருத்தாசலத்தில் மரமுந்திரிகைக்கென ஆராய்ச்சி நடைபெற்று வருகிறது. அந்த அளவின்படி முதலாம் ஆண்டுக் கன்றுக்கு நைதரசன் 70 கிராம், பொசுபேற்றுச் சத்து 40 கிராம், பொட்டாசுச் சத்து 60 கிராம். நான்காம் ஆண்டு வரை ஒவ்வோராண்டும் இவ்வளவால் கூட்டிச் செல்லவேண்டும். ஐந்தாம் ஆண்டு முதல் முறையே 500, 200, 300 கிராம். எரு முதலாண்டில் 10 கிலோ. ஐந்தாம் ஆண்டு முதல் 50 கிலோ.

இதனைக் கடையில் வாங்கும் பசளையாக மாற்றிக் கூறுவோம். யூரியாவில் 100 கிலோவுக்கு 46 கிலோ நைதரசன் உண்டு. ரீ.எஸ்.பி. என்று வழங்கும் முச்சுப்பர் பொசுபேற்றில் 46 பங்கு பொசுபேற்றுச் சத்தும், எம்.ஓ.பி. எனப்படும் மியூறியேற் பொட்டாசில் 60 பங்கு பொட்டாசுச் சத்தும் உள்ளன. ஆகவே மரமொன்றுக்கு ஓராண்டில் வேண்டிய அளவு ஏறத்தாழப் பின்வருமாறு:

முதலாம் ஆண்டு: யூரியா 150 கிராம், ரீ.எஸ்.பி. 90 கிராம், எம்.ஓ.பி. 100 கிராம்.
இரண்டாம் ஆண்டு: யூரியா 300, ரீ.எஸ்.பி. 175, எம்.ஓ.பி. 200 கிராம்.
மூன்றாம் ஆண்டு: யூரியா 450, ரீ.எஸ்.பி. 260, எம்.ஓ.பி. 300 கிராம்.
நான்காம் ஆண்டு: யூரியா 600, ரீ.எஸ்.பி. 350, எம்.ஓ.பி. 400 கிராம்.
ஐந்தாம் ஆண்டும் அதன் பின்னும்: யூரியா 1,100, ரீ.எஸ்.பி. 435, எம்.ஓ.பி. 500 கிராம்.

மரந்தோறும் தராசு கொண்டு செல்லவேண்டியதில்லை. கடையில் ஒருமுறை நிறுத்து, ஒரு பால்மா ரின்னில் இட்டு, மட்டத்தைக் குறித்துக்கொண்டால் போதும். யூரியாவுக்கு ஒரு குறி, பொட்டாசுக்கு வேறொரு குறி. ஒரே குறியால் எல்லாவற்றையும் அளத்தல் தவறு.

எப்பாவலப் பாறைப் பொசுபேற்று மலிவாகக் கிடைப்பின் அதனை இடலாமா என்று சிலர் வினவுவர். அது அமிலத்தன்மை மிகுந்த மண்ணிலேயே நன்கு கரைந்து பயன்தருவது. மலைநாட்டுத் தேயிலைக்குப் பொருந்துவது நம் மண்ணுக்குப் பொருந்துமென்று கொள்ளலாகாது.

அடுப்புச் சாம்பலிலும் பொட்டாசுச் சத்து உண்டு. வீட்டில் சேரும் சாம்பலை மரத்துக்கு இடுவது நன்றே. ஆனால் சாம்பலையும் யூரியாவையும் ஒருங்கே கலந்து இடலாகாது. கலந்தால் நைதரசன் அமோனியா வாயுவாக மாறிப் பறந்துவிடும். இரண்டுக்கும் இடையில் சில வாரங்கள் செல்லட்டும்.

எப்பொழுது, எங்கே இடுவது?

ஐப்பசியில் முதல் மழைகள் பெய்து மண் ஒரு சாண் ஆழம் நனைந்ததும், எரு முழுவதையும், ரீ.எஸ்.பி. முழுவதையும், யூரியாவிலும் எம்.ஓ.பி. யிலும் பாதியையும் இடுக. மீதிப் பாதியைக் கார்த்திகைப் பெருமழை தணிந்தபின், மார்கழி நடுப்பகுதிக்குள் இட்டு முடித்தல் வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டாகப் பங்கிடுவோர் ஒரு பங்கை ஆனி ஆடியில் இடுவதுண்டு. நமக்கு அது ஆகாது. அக்காலத்தில் இங்கே மழையில்லை. பசளை தூளாகவே கிடக்கும்.

இடும் இடத்தைப் பற்றித் தவறான எண்ணம் இருவகையில் உண்டு. ஒரு சாரார் அடிமரத்தோடு குவிக்கின்றனர். அங்கே உணவுறிஞ்சும் வேர் இல்லை. மறு சாரார் கிளை பரந்த எல்லைவரை சென்று இடுகின்றனர். இளமரத்துக்கு அது சரி. இருபதடிக்கு மேற் பரந்த முதுமரத்துக்கு அது வேரைத் தாண்டிய இடம். இருபது வயதான மரங்களிலே கேரளத்தில் நடாத்திய ஆய்வொன்றில், வேரின் தொழிற்பாட்டில் ஏறத்தாழ 72 சதவீதம் அடிமரத்திலிருந்து 2 மீற்றருக்குள்ளும், பாதியளவு மேல்மண்ணின் 15 சதம மீற்றருக்குள்ளுமே காணப்பட்டது. ஆகவே வளர்ந்த மரத்துக்கு அடிமரத்திலிருந்து மூன்றடி தொடங்கி ஆறரை அடி வரையுள்ள வட்டப்பட்டையிலே பசளையைத் தூவி, மண்வெட்டியால் நாலைந்து அங்குலம் மட்டும் மெதுவாகக் கிளறி மூடுக. சரிவான காணியில் மேற்பக்கத்தில் பிறைவடிவாக ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி அதனுள் இட்டால் மழைநீர் அடித்துச் செல்லாது.

கிளறுமுன் அவ்வட்டத்திலுள்ள இலுக்குப் புல்லையும் கினிப்புல்லையும் அகற்றவேண்டும். அன்றேல் நாம் இடுவது புல்லுக்கு. மண்வெட்டி அடிமரத்தில் படாதிருத்தலும் முக்கியம். பட்டை கிழிந்து பிசின் வடியும் இடத்திலேதான் தண்டு துளைக்கும் வண்டு முட்டையிடுகின்றது. அதன் புழு உள்ளே சென்றபின் மரத்தைக் காப்பது அரிது.

இன்னொன்று. நீண்டகாலம் ஆட்புழக்கமின்றிக் கிடந்த காணிகளில் நிற்கும் முதுமரங்களைத் திருத்த விரும்புவோர், கண்ணிவெடி அகற்றி முறைப்படி ஒப்படைக்கப்பட்ட நிலமா என்பதை உறுதிசெய்யாமல் மண்வெட்டி போடலாகாது. கொட்டை பொறுக்கப் பிள்ளைகளை அனுப்புவோருக்கும் இவ்வெச்சரிக்கை உரியது.

பணம் போதாவிடின்

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதன்பின் பசளையின் விலை ஏறிய ஏற்றம் யாவரும் அறிந்ததே. நெல்லுக்கே பசளை வாங்கத் தடுமாறிய குடும்பங்கள் மரமுந்திரிகைக்கு எங்ஙனம் வாங்கும்? இக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை, எல்லா மரத்துக்கும் சிறிது சிறிதாகத் தூவுவதன்று. ஐம்பது கிலோ யூரியா வளர்ந்த மரங்கள் நாற்பத்தைந்துக்கு மட்டுமே முழு அளவாகும். காணியில் எண்பது மரம் நிற்பின், வெய்யில் நான்கு பக்கமும் படுகின்ற, சென்ற ஆண்டு நன்கு காய்த்த நாற்பத்தைந்தைத் தெரிந்தெடுத்து அவற்றுக்கு இடுக. ஒன்றன் கிளை மற்றொன்றில் புகுந்து இருண்டு நிற்கும் மரத்துக்கு எத்துணை பசளை இட்டாலும் நுனித்தளிர் ஒளிபெறாது. ஒளிபெறாத தளிர் பூக்காது. அத்தகைய நெருக்கத்தில் இடையிடையே ஒரு மரத்தைத் தறிப்பது பசளையிடுவதற்கு ஒப்பான பலனைத் தரும். மரத்தைத் தறிக்க மனம் வராதென்பது உண்மையே. இருபத்துமூன்றடிக்கு ஒரு மரமாக ஏக்கருக்கு எண்பதுக்கு மேல் நிற்கத் தேவையில்லை. எஞ்சிய மரங்களுக்குக் குழையும் கூட்டெருவும் இடலாம்.

இளந்தோட்டமாயின் வரிசைகளுக்கிடையில் நான்காண்டு வரை கௌபி, பயறு, நிலக்கடலை விதைக்கலாம். விளைவை எடுத்தபின் கொடியையும் வேரையும் மண்ணிலேயே விடுதல் வேண்டும்.

இலை கூறும் குறிகள்

முதிர்ந்த இலைகள் வெளிறி மஞ்சளாகி மரம் வளராது நிற்பின் நைதரசன் போதாது. முதிர்ந்த இலையின் ஓரம் தீய்ந்தாற்போற் கருகுவது பொட்டாசுக் குறைவு. நரம்புகள் பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளாவது மகனீசியக் குறைவு. புதிய இலைகள் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, நுனியிற் கொத்தாகத் தோன்றினால் நாகச் சத்துப் போதாதென்று அறிக. அதற்குத் தளிர்க்கும் வேளையில் 10 லீற்றர் நீருக்கு 50 கிராம் நாக சல்பேற்றும், இலை கருகாதிருக்க அதிற் பாதியளவு நீற்றிய சுண்ணாம்பும் கரைத்து வடித்து விசிறலாம். நண்பகல் வெய்யிலில் விசிறலாகாது. குறிகள் ஒன்றோடொன்று மயங்குவதுண்டு. வரட்சியும் பூச்சியும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். ஐயமுள்ளபோது இலையையும் மண்ணையும் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுவது நலம். மண் மாதிரியைப் பசளை இடுவதற்கு முன், புரட்டாதியிலே எடுத்தல் வேண்டும். காணியின் பத்து இடங்களில் ஒரு சாண் ஆழத்தில் எடுத்த மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ பொதிசெய்து கொடுத்தால் போதும்.

கொட்டையின் தரம்

தரம் என்பது பருப்பின் நிறைவு. பூத்தபின் கொட்டை முதலில் முழுப் பருமன் அடைகிறது. பழம் அதன் பின்னரே விரைந்து பருக்கிறது. மரத்துக்கு உணவு குறைந்தால் ஓடு பருத்தும் உள்ளே பருப்பு சுருங்கிப்போகும். இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். நூறு கொட்டையைத் தண்ணீரில் இடுக. மிதப்பவை பதரும் முற்றாதவையும், ஆழ்பவை நிறைந்தவை. ஒரு கிலோவில் எத்தனை கொட்டை என்றும் எண்ணுக. 200 கொட்டை நின்றால் ஒன்று 5 கிராம். 140 அளவில் நின்றால் ஒன்று 7 கிராமுக்கு மேல். சிறு கொட்டையை உடைப்பதற்கும் பெரிய கொட்டையை உடைப்பதற்கும் கைவேலை ஒன்றே, பருப்போ ஒன்றன்று. சிறு பருப்பு வறுக்கும்போது கருகவும் உடையவும் செய்கிறது. உடைந்த பருப்புக்கு முழுப் பருப்பின் விலை கிடையாது.

நன்கு ஊட்டிய மரத்தின் கொட்டையையும் பறித்தெடுத்தால் பயனில்லை. தானே விழுந்ததையே பொறுக்குக. விழுந்த கொட்டையைச் சித்திரை மழையில் நனையவிடாது நாள்தோறும் எடுத்து, பழத்தசை ஒட்டாமல் திருகி, இரண்டு மூன்று நாள் வெய்யிலிற் காயவைத்துச் சணற் சாக்கில் இட்டு, நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்குக.

இவ்வளவும் கூறியபின், இதனை நம்பியே முழுக் காணிக்கும் செலவு செய்க என்று நாம் சொல்லவில்லை. வயதும் பருமனும் ஒத்த இருபது மரங்களைத் தெரிந்து, பத்துக்கு மேற்கூறியவாறு பசளையிட்டு, பத்தை வழமைபோல் விடுக. அடிமரத்தில் வெவ்வேறு நிறத் துணி கட்டிக் கொட்டையை இரண்டு சாக்குகளில் வேறுவேறாகச் சேர்க்கவேண்டும். முதலாண்டிற் பெரிய வேறுபாடு தோன்றாமலும் போகலாம்; நெடுங்காலம் பசித்த மரம் முதலில் இலையையும் கிளையையும் வளர்த்துக்கொள்ளும். ஆகவே மூன்று ஆண்டு தொடர்ந்து, வைகாசி முடிவில் இரு சாக்குகளையும் நிறுத்து, கிலோவுக்கு எத்தனை கொட்டை, நூற்றுக்கு எத்தனை மிதந்தன என்பவற்றையும் பசளைக்குச் சென்ற பணத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவருக. அக்கொப்பியைப் போதனாசிரியர் வரும்போது அவருக்குக் காட்டுக. உங்கள் காணிக்குப் பசளை அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அதனைக்கொண்டே அவர் கூறமுடியும்.